ஒடிசா கரியா, கப்பல் கரியா, சொந்த சுரங்கமா? நம்ம தெர்மல் ஸ்டேஷனுக்கு எது கட்டுப்படியாகும்

போன வாரம் அக்கா பையன் போன் பண்ணான், ஏஇ (உதவிப் பொறியாளர்) எக்ஸாமுக்குப் படிச்சிட்டு இருக்கான். “மாமா, ஒடிசா கரி ஸ்டேஷன் வந்து சேர டன் 5,000 ஆகுதுன்னு வெச்சுக்கோங்க, இம்போர்ட் கரி டன் 9,000. அதைப் போய் எதுக்கு மாமா வாங்கணும், காசைக் கடல்ல கொட்டற மாதிரி இல்ல?”ன்னான். அன்னைக்கு சாயங்காலமே எங்க தெரு அண்ணன் ஒருத்தர் வேற பக்கமா கேட்டாரு, “நமக்குன்னு ஒரு சுரங்கம் எடுத்துப் போட்டா இந்தப் பஞ்சாயத்தே இல்லையேப்பா”ன்னு. ரெண்டும் நியாயமான கேள்விதான். கரன்ட் பில் ஏறும்போதெல்லாம் இதே ரெண்டு கேள்வி வருது, ஆளாளுக்கு ஒரு பக்கம் நின்னு சண்டை போடறாங்க. நான் கோல் ஹேண்ட்லிங்ல, அதாவது வந்த கரியை இறக்கி பாய்லர் வரைக்கும் கொண்டு போற பிரிவுல, ரொம்ப வருஷம் குப்பை கொட்டினவன், கரி போற பெல்ட்டுக்குக் கீழ நின்னு பார்த்தவன், அதனால எனக்குத் தெரிஞ்சதை ஒரு தடவை முழுசா எழுதிடறேன்.

பேசப்போறது மின்வாரியத்தோட சொந்த நிலக்கரி ஸ்டேஷன்களைப் பத்தி மட்டும். தூத்துக்குடியில 210 மெகாவாட் அஞ்சு யூனிட் (கரன்ட் எடுக்கற மெஷின் செட்டையும் யூனிட்னுதான் சொல்லுவோம்), மேட்டூர்ல 210 நாலு, கூடவே ஒரு 600, வடசென்னையில 210 மூணு, 600 ரெண்டு, 2024ல திறந்த 800 ஒண்ணு. அந்த 800ஐ விட்டுட்டுப் பார்த்தா மொத்தம் 4,320 மெகாவாட், எல்லாம் முழு லோடுல ஓடினா ஒரு நாளைக்கு 72,000 டன் பக்கம் கரி வேணும். ஒரு ரேக்குல, அதாவது ஒரு முழு கூட்ஸ் ரயில்ல, கிட்டத்தட்ட 4,000 டன் வரும், அப்போ தினமும் 18 ரேக். தமிழ்நாட்டுல இந்தக் கரி தோண்டற சுரங்கம் ஒண்ணுகூட கிடையாது, நம்மகிட்ட இருக்கறது நெய்வேலி பழுப்பு நிலக்கரிதான், அது வேற கதை, கீழ வரேன்.

## முதல்ல எதை வெச்சு அளக்கறது

டன் விலையை வெச்சு அளந்தா தப்பாதான் போகும். கரியில நமக்கு வேண்டியது சூடு. ஒரு கிலோ எரிச்சா எத்தனை கிலோகலோரி வருதுங்கறதைத்தான் ஜிசிவின்னு சொல்றோம். ஒடிசா கரி 3,100ல இருந்து 4,000க்குள்ள வரும், நல்ல இம்போர்ட் கரி 6,000 வரைக்கும் இருக்கும்.

அக்கா பையன் சொன்ன விலையையே எடுத்துக்கறேன், இது கணக்குப் புரியறதுக்கு மட்டும்தான், டெண்டர் விலை இல்ல. ஒரு யூனிட் கரன்ட் எடுக்க 2,500 கிலோகலோரி செலவாகுதுன்னு வெச்சுக்குவோம். 3,400 ஜிசிவி ஒடிசா கரின்னா யூனிட்டுக்கு 735 கிராம், கிலோ 5 ரூபா, ஆக 3 ரூபா 68 காசு. 6,000 ஜிசிவி கப்பல் கரின்னா (இம்போர்ட் கரியைத்தான் அப்படிச் சொல்றேன்) 417 கிராம் போதும், கிலோ 9 ரூபா, ஆக 3 ரூபா 75 காசு. டன்னுக்கு 4,000 ரூபா வித்தியாசம்னு கத்தின இடத்துல யூனிட்டுக்கு 7 காசுதான் வித்தியாசம் நிக்குது. அதுக்காக இம்போர்ட் நல்லதுன்னு சொல்ல வரல, எந்த அளவுகோலை எடுத்தா எது தெரியும்னு காட்டறேன், அவ்வளவுதான்.

நான் பார்க்கறது அஞ்சு விஷயம். பங்கர், அதாவது பாய்லருக்குப் போறதுக்கு முன்னாடி கரி நிக்கற தொட்டி, அதோட வாசல்ல வந்து விழும்போது ஆயிரம் கிலோகலோரிக்கு என்ன விலை. எந்த மாசம் வரும், எந்த மாசம் கையை விரிக்கும். நம்ம பாய்லர் அதை ஏத்துக்குமா. எவ்வளவு சாம்பல் விடும். விலையை யார் முடிவு பண்றாங்க, காசை எப்போ கட்டணும்.

## ஒடிசா கரி

இதுதான் நம்ம சோறு. மத்திய அரசு கம்பெனி கோல் இந்தியாவோட மகாநதி கோல்ஃபீல்ட்ஸ்கிட்ட வருஷத்துக்கு இவ்வளவுன்னு நீண்டகால ஒப்பந்தம் போட்டிருக்கு. தால்ச்சர் சுரங்கத்துல லோடு பண்ணி ரயில்ல பாராதீப் துறைமுகம், அங்க கப்பல்ல ஏத்தி எண்ணூர் இல்லேன்னா தூத்துக்குடி. இந்தக் கப்பல் வேலைக்குன்னே பூம்புகார் கப்பல் கழகம் 1974ல வந்துச்சு. எண்ணூர் துறைமுகமே 2001ல முக்கியமா இந்தக் கரிக்காகத்தான் திறந்தாங்க.

சுரங்க வாசல் விலை ரொம்பக் கம்மி, அதுல சந்தேகமே இல்ல. ஆனா வாசல்ல இருக்கற விலைக்கும் பங்கர்ல விழற விலைக்கும் நடுவுல ராயல்டி, வரி, ரயில் வாடகை, பாராதீப்ல ஏத்துக்கூலி, கப்பல் வாடகை, இங்க இறக்குகூலின்னு அடுக்கிட்டே போகும். மேட்டூருன்னா மறுபடியும் ஒரு ரயில் வாடகை. இதுல என் மனசை ரொம்ப அறுக்கற விஷயம் என்னன்னா, இந்தக் கரியில 40 சதவீதம் பக்கம் சாம்பல், அதாவது 10 வேகன் வந்தா அதுல 4 வேகன் மண்ணுக்கு நாம வாடகை கட்டறோம், ஒடிசாவுல இருந்து மண்ணை ரயில்ல ஏத்தி, கப்பல்ல ஏத்தி, திருப்பி ரயில்ல ஏத்தி, எரிச்சு, அப்புறம் அதைக் கொட்ட இடம் தேடறோம்.

அடுத்தது கிரேடு, அதாவது ஜிசிவியை வெச்சுப் போடற தரம். சுரங்கத்துல ஒரு கிரேடுன்னு பில் வரும், இங்க வந்து சேம்பிள் எடுத்தா வேற வரும். இதுக்காகத்தான் மூணாவது ஆளை வெச்சு சேம்பிள் எடுக்கற ஏற்பாடு வந்துச்சு. மேல போட்ட அதே கணக்குல 3,400ன்னு காசு கட்டி 3,100 வந்தா யூனிட் 3.68ல இருந்து 4.03 ஆயிடும். ஒரே ஒரு 210 மெகாவாட் யூனிட் ஒரு நாள் முழு லோடுல ஓடினா 50 லட்சம் யூனிட் சொச்சம் கரன்ட், அப்போ தினமும் 17, 18 லட்சம் ரூபா சத்தமில்லாம போயிடும். டெண்டர்ல டன்னுக்கு 50 ரூபா குறைச்சுட்டோம்னு சந்தோஷப்படறதை விட சேம்பிள் எடுக்கற இடத்துல ஒரு நேர்மையான கெமிஸ்ட்டை நிறுத்தறது பெரிய லாபம், இதை நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்லுவேன்.

மழைக்காலம் தனிக் கஷ்டம். நான் இருந்த ஒரு ஸ்டேஷன்ல ஐப்பசி மழையில ராத்திரி ஷிஃப்ட், கரி களிமண்ணு மாதிரி வந்து பங்கர் சரிவுல ஒட்டிக்கும். கரியைக் கீழ தள்ளற ஃபீடர் சுத்திட்டு இருக்கும், கரி இறங்காது. சம்மட்டி எடுத்துட்டு நாலு பேர் பங்கர் சுவத்தைத் தட்டிட்டே போவோம், கரி அடைச்சு நிக்கற இடத்துல ‘தொப்’புனு கேக்கும், கீழ காலியான இடத்துல ‘டங்’குனு கேக்கும், அந்த ரெண்டு சத்தத்துக்கும் நடுவுல எங்கயோதான் அடைப்பு, அங்க அடிக்கணும். நாங்க இங்க அடிச்சிட்டு இருக்கும்போது கன்ட்ரோல் ரூம்ல இருந்து போன் மேல போன், ஃப்ளேம் ஆடுது, அது அணையாம இருக்க ஆயில் பீச்சற ஆயில் கன் போட்டாச்சுன்னு. அந்த ஆயில் கரியை விடப் பல மடங்கு விலை. இந்த ஆயில் செலவெல்லாம் ‘ஒடிசா கரி மலிவு’ன்னு சொல்ற கணக்குல யாரும் சேர்க்கறது இல்ல.

எந்த மாசம் கையை விரிக்கும்னா, ஜூலையில இருந்து செப்டம்பர் வரைக்கும் அங்க மழை, திறந்தவெளிச் சுரங்கத்துல தண்ணி நிக்கும், உற்பத்தி படுத்துடும். அதுக்கப்புறம் புயல் வந்தா பாராதீப்பை மூடிடுவாங்க. நல்ல வேளையா நமக்கு மே முதல் செப்டம்பர் வரைக்கும் காத்தாலை சீசன், தெர்மலைக் கொஞ்சம் இறக்கி வெக்கலாம், அந்தப் பொருத்தம் நமக்குக் கிடைச்ச வரம். ஆனா ஏப்ரல், மே மாசத்துல வெயில் உச்சத்துல இருக்கும்போது காத்து இன்னும் சரியா பிடிச்சிருக்காது. 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டோட தேவை 20,830 மெகாவாட் தொட்டுச்சே, அந்த மாதிரி நாளுக்கு வேண்டிய கரியை மார்ச்சுக்குள்ள யார்டுல குவிச்சு வெச்சிருக்கணும். சுரங்கத்துல இருந்து தூரத்துல இருக்கற ஸ்டேஷனுக்கு 20ல இருந்து 26 நாள் ஸ்டாக்னு விதியே இருக்கு. அந்த மலை மாதிரி குவியல் அத்தனையும் முடங்கிக் கிடக்கற காசு, அதுக்கு வட்டி ஓடும், அதையும் கரி விலையோட சேர்த்துதான் பார்க்கணும்.

எப்போ இது சரி: வருஷம் முழுக்க ஓடற அடிப்படை லோடுக்கு. நம்ம பழைய 210 யூனிட் எல்லாம் இந்த மாதிரி சாம்பல் ஜாஸ்தி கரிக்காகவே கட்டினது.

## கப்பல் கரி

பெரும்பாலும் இந்தோனேசியா. சாம்பல் ரொம்பக் கம்மி. ஒரு 210 யூனிட் முழு நாள் ஓட ஒடிசா கரி 3,700 டன் எரிச்சு 1,480 டன் சாம்பல் விடும்னா, 10 சதவீத சாம்பல் இருக்கற கப்பல் கரி 2,100 டன் எரிச்சு 210 டன்தான் விடும். கரியைப் பொடியாக்கற மில்லுக்குத் தேய்மானம் கம்மி, பெல்ட்டுக்கு வேலை கம்மி, சாம்பல் கொட்டற ஆஷ் பாண்டுக்கு ஆயுசு கூடும். எண்ணூர் பக்கம் கொசஸ்தலை ஆத்துல சாம்பல் படிஞ்சு மீனவங்க பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனதை மறக்காதீங்க, சாம்பலுக்கு ஒரு விலை இருக்கு, அதைக் கட்டினது அந்த ஜனங்க.

ஆனா இதை அப்படியே 100 சதவீதம் போட முடியாது. நம்ம பாய்லர் அந்தக் கரிக்கு வடிவமைச்சது இல்ல. கலந்துதான் போடணும், 10, 20 சதவீதம்னு ஆரம்பிச்சு பாய்லரைப் பார்த்துப் பார்த்து ஏத்தணும். இதுல சீக்கிரம் பத்திக்கற வாயு ஜாஸ்தி, மில்லுக்குள்ளயே தீப்பிடிக்கும், அதனால மில் அவுட்லெட் சூட்டைக் குறைச்சு ஓட்டணும். யார்டுலயும் நிம்மதியா விடாது. காலையில யார்டுக்குப் போனா குவியல் ஓரத்துல மெல்லிசா ஆவி கிளம்பும், மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை வரும், அதைப் பார்த்த உடனே டோசரை விட்டு அமுக்கி, தண்ணி அடிச்சு, அந்தக் குவியலை முதல்ல பெல்ட்டுல ஏத்திடணும். இன்னும் நாலு நாள் போகட்டும்னு விட்டா தானா பத்திக்கிட்டு எரியும், ஜிசிவிக்குக் கட்டின காசு காத்துல போகும். வாங்கி அடுக்கி வெச்சு நிதானமா எரிக்கலாம்னு நினைக்கறவங்களுக்கு இந்தக் கரி ஒத்து வராது.

விலை நம்ம கையிலயும் இல்ல, டெல்லி கையிலயும் இல்ல. 2022 ஜனவரியில இந்தோனேசியா திடீர்னு ஏற்றுமதியை நிறுத்துச்சு, அடுத்த மாசம் உக்ரைன் சண்டை, அந்த வருஷம் ஆஸ்திரேலியாவோட நியூகாசில் கரி டன் 400 டாலரைத் தாண்டிப் போச்சு. சரியா அந்த நேரத்துலதான் உள்நாட்டுக் கரி பத்தலைன்னு மத்திய அரசு எல்லா மாநிலத்தையும் 10 சதவீதம் இம்போர்ட் கலக்கச் சொல்லுச்சு. விலை உச்சத்துல இருக்கும்போது எல்லாரும் ஒண்ணா கடைக்குப் போற நிலைமை. டாலர் கணக்கையும் பாருங்க, டன் 100 டாலர்னா ரூபா மதிப்பு ஒரே ஒரு ரூபா இறங்கினாலும் டன்னுக்கு 100 ரூபா ஏறிடும்.

இன்னொண்ணு, நிறைய பேர் கவனிக்காத மாத்தம். 2025 செப்டம்பர் 22ல இருந்து கரிக்கு டன்னுக்கு 400 ரூபா செஸ் போயிடுச்சு, ஜிஎஸ்டி 5ல இருந்து 18 சதவீதம் ஆச்சு. மேலோட்டமா பார்த்தா ரெண்டு கரிக்கும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனா சுரங்க வாசல்ல 1,000 ரூபா விக்கற கரிக்கு ஜிஎஸ்டி கூடினது 130 ரூபா, செஸ் போனது 400, ஆக 270 மிச்சம். 8,000 ரூபா கப்பல் கரிக்கு கூடினது 1,040, போனது 400, ஆக 640 நஷ்டம். கரன்ட் ஜிஎஸ்டிக்குள்ள வராததால கட்டின வரியைத் திரும்ப எடுக்கவும் முடியாது. மேல 7 காசு வித்தியாசம்னு போட்டேனே, இந்த மாதிரி ஒரு வரி மாத்தமே அந்த 7 காசை எங்கயோ கொண்டு போயிடும். பழைய கணக்கை வெச்சு இம்போர்ட்டுக்கு ஆதரவா பேசறவங்க ஒரு தடவை மறுபடி போட்டுப் பார்க்கணும்.

எப்போ இது சரி: துறைமுகம் ஒட்டின ஸ்டேஷன், உள்நாட்டு ஸ்டாக் ஒரு வாரத்துக்குக் கீழ போற நேரம், உலக விலை படுத்துக் கிடக்கற மாசம். இந்த மூணுல குறைஞ்சது ரெண்டு பொருந்தணும்.

## சொந்த சுரங்கம்

தெரு அண்ணனுக்கு வரேன். கேக்க இதுதான் நல்லா இருக்கும், கோல் இந்தியாவுக்கு லாபம் கொடுக்க வேண்டாம், கிரேடு சண்டை வேண்டாம். முயற்சி பண்ணாமலும் இல்ல. சத்தீஸ்கர்ல காரே பெல்மா பிளாக்கை (கரி தோண்ட ஒதுக்கற இடத்தைத்தான் பிளாக்னு சொல்றது) மகாராஷ்டிராவும் தமிழ்நாடும் சேர்ந்து வாங்கி, அதுக்குன்னு மகாதமிழ் கோலியரிஸ்னு ஒரு கம்பெனியே வெச்சாங்க. 2014 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு 204 ஒதுக்கீட்டை மொத்தமா ரத்து பண்ணுச்சே, அதுல இதுவும் போச்சு. அப்புறம் ஒடிசாவுல சந்திரபிலா பிளாக் நம்ம பேர்ல வந்துச்சு, அதுல இருந்தும் ஒரு வேகன்கூட நம்ம பங்கருக்கு வந்து நான் பார்க்கல.

இதுக்குக் காரணம் சோம்பேறித்தனம் மட்டும்னு சொல்லிட முடியாது. பிளாக் கையில கிடைச்ச அன்னைக்கு அது வெறும் பேப்பர்தான். காட்டுக்கு அனுமதி, ஊர்களைக் காலி பண்ணி வேற இடம், நிலத்துக்குக் காசு, மேல் மண்ணை அள்ளற கான்ட்ராக்டர், ரயில் சைடிங், இதெல்லாம் முடிய வருஷக்கணக்குல ஆகும், அது வரைக்கும் ஒரு கிலோ கரியும் வராம வட்டி மட்டும் ஓடும். ஏற்கனவே கடன்ல இருக்கற வாரியத்துக்கு இது பெரிய பாரம். சுரங்கம் நம்மளதுன்னாலும் ரயிலும் பாராதீப்பும் கப்பலும் நம்மளது ஆயிடாது, மண்ணுக்கு வாடகை கட்டற கதையும் மாறாது.

நடக்கவே நடக்காதுன்னும் இல்ல. நெய்வேலி நிறுவனமான என்எல்சி ஒடிசாவுல தாலபிரா சுரங்கத்தை எடுத்து ஓட்டிக் காட்டியிருக்காங்க, தூத்துக்குடியில வாரியத்தோட சேர்ந்து வெச்சிருக்கற 1,000 மெகாவாட் ஸ்டேஷனுக்கு அங்கிருந்து கரி வருது. தலைமுறை தலைமுறையா சுரங்கம் தோண்டற ஆளுங்க அவங்க. என் கருத்து, வாரியம் தனியா இறங்கறதை விட அந்த மாதிரி அனுபவம் இருக்கறவங்களோட பங்கு போட்டுக்கறதுதான் புத்தி. இன்னும் 25 வருஷம் ஓடப்போற புது யூனிட் இருந்தா யோசிக்கலாம், வயசான 210களுக்காக யோசிக்கவே கூடாது.

## நெய்வேலி பழுப்புக் கரி

“நம்ம மண்ணுலயே இருக்கே”ன்னு கேப்பாங்க. கிலோவுக்கு 2,600, 2,700 கிலோகலோரிதான், பாதி எடை தண்ணி. இதை ரயில்ல ஏத்தி மேட்டூருக்கு அனுப்பினா தண்ணிக்கு வாடகை. நம்ம பாய்லரும் அதுக்கானது இல்ல. அதனால பக்கத்துலயே எரிச்சு கரன்டா அனுப்பறாங்க, வாரியம் கரியா வாங்காம கரன்டா வாங்குது. டாலர் இல்ல, கப்பல் இல்ல, ரொம்ப நிம்மதியான கரன்ட். ஆனா அந்த விலைக்குள்ள வராத செலவு கடலூர் மாவட்டத்து ஜனங்க தலையில இருக்கு. சுரங்கத்துக்குள்ள தண்ணி பீறிடாம இருக்க ராத்திரி பகலா நிலத்தடி நீரை இறைக்கணும், நிலம் எடுக்கணும். 2023 ஜூலையில வளையமாதேவியில விளைஞ்சு நின்ன நெல்லு மேல மெஷின் ஏறினதைப் பார்த்தவங்க யாரும் அதை மலிவு கரன்ட்னு வாய்கூசாம சொல்ல முடியாது. இருக்கற அளவை வாங்கிக்கலாம், இதை நம்பி இன்னும் விரிக்கறது எனக்கு உடன்பாடு இல்ல.

## கரியே வாங்காம மார்க்கெட்ல கரன்ட்

கரன்ட் வாங்கி விக்கற சந்தையான எக்ஸ்சேஞ்ச்ல வெயில் நேரத்துல சோலார் கொட்டுது, விலை படுத்துடும், அந்த நேரம் வாங்கிட்டு நம்ம யூனிட்டைக் குறைச்சு ஓட்டலாம், யார்டுல கரி மிஞ்சும். சாயங்காலம் ஏழு மணிக்கு அதே எக்ஸ்சேஞ்ச்ல யூனிட் 10 ரூபா உச்சவரம்பு வரைக்கும் போகும், காசு இருந்தாலும் கேட்ட அளவு கிடைக்காது. அப்புறம் பாய்லர் லோடைத் தினமும் ஏத்தி இறக்கினா பாய்லர் ட்யூப் லீக் ஜாஸ்தி ஆகும், குறைஞ்ச லோடுல ஆயில் சப்போர்ட்டும் வேணும். பகலுக்குச் சரி, ராத்திரிக்கு நம்பக் கூடாது.

## ஒரே பார்வையில

| | ஒடிசா கரி | கப்பல் கரி | சொந்த சுரங்கம் | நெய்வேலி கரன்ட் | எக்ஸ்சேஞ்ச் |
|---|---|---|---|---|---|
| விலை யார் கையில | கோல் இந்தியா, ரயில்வே | உலகச் சந்தை, டாலர் | பாதி நம்ம கையில | ஒழுங்குமுறை ஆணையம் | மணிக்கு மணி மாறும் |
| கையை விரிக்கற நேரம் | ஜூலை-செப்டம்பர், புயல் | ஏற்றுமதித் தடை, போர் | முதல் சில வருஷம் முழுக்க | பெருமழையில சுரங்கத்துல தண்ணி | சாயங்காலம், கோடை |
| பாய்லர் | பொருந்தும் | கலந்து மட்டும் | பொருந்தும் | நம்ம பாய்லருக்கு வராது | பாய்லரை ஏத்தி இறக்கணும் |
| சாம்பல் | மிக அதிகம் | கம்மி | மிக அதிகம் | நெய்வேலியிலயே | இல்ல |
| மறைஞ்ச செலவு | கிரேடு இறக்கம், ஆயில், ஸ்டாக் வட்டி | யார்டு தீ, ரூபா சரிவு, 18 சதவீத வரி | வட்டி, காடு, நிலம் | நிலத்தடி நீர், விவசாய நிலம் | ட்யூப் லீக், ஆயில் |

## என்னைக் கேட்டா

ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் பதில் மாறும். வடசென்னையில துறைமுகத்துல இருந்து கன்வேயர்ல நேரா யார்டுக்கு வந்துடுது, தூத்துக்குடியிலயும் துறைமுகம் கைக்கெட்டற தூரம், இந்த ரெண்டு இடத்துலயும் கப்பல் கரி கலக்கறதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. மேட்டூர் கடல்ல இருந்து ரொம்ப உள்ள, எண்ணூர்லயோ காரைக்கால்லயோ இறக்கி மறுபடி ரயில் ஏத்தணும், ஒவ்வொரு தடவை ஏத்தி இறக்கும்போதும் கொஞ்சம் சிந்தும், கொஞ்சம் தூளாகும், ரேக்கைக் குறிச்ச நேரத்துக்குள்ள காலி பண்ணலேன்னா டெமரேஜ், அதாவது தாமதத்துக்கு அபராதம். மேட்டூருக்கு ஒடிசாவுல இருந்து முழுக்க ரயில்லயே கொண்டு வர முடியுமான்னு ஒவ்வொரு வருஷமும் கணக்குப் போட்டுப் பார்க்கணும், ரயில் வாடகை கூடத் தெரிஞ்சாலும் நடுவுல ரெண்டு கை மாறறது மிச்சம். இல்ல, தால்ச்சர் கரியைக் கடலோர ஸ்டேஷனுக்கு விட்டுட்டு மேட்டூருக்கு சிங்கரேணி மாதிரி கிட்ட இருக்கற சுரங்கத்துல வாங்க வழி இருக்கான்னும் பார்க்கணும்.

மொத்தத் தேவையில பெரும்பகுதி ஒடிசா ஒப்பந்தம்தான் இருக்கணும், அதுல எனக்கு ரெண்டாவது யோசனை இல்ல. கப்பல் கரியை அவசரத்துக்குன்னு வெச்சுக்கணும், ஆனா அவசரம் வந்தப்புறம் டெண்டர் போடக் கூடாது. 2021 அக்டோபர்ல நாடு முழுக்க சராசரி ஸ்டாக் நாலு நாளைக்கு இறங்கினப்போ எல்லாரும் ஒரே நேரத்துல டெண்டர் பேப்பரைத் தூக்கிட்டு ஓடினோம், அப்போ என்ன விலை சொன்னாலும் வாங்கித்தான் ஆகணும். டிசம்பர், ஜனவரியிலயே சின்ன அளவுல, விலைக்கு மேல் வரம்பு வெச்சு, வேணும்னா எடுப்போம் வேண்டாம்னா விடுவோம்ங்கற ஷரத்தோட ஒப்பந்தம் போட்டு வெச்சா மார்ச்சுல தூக்கம் வரும்.

அப்புறம் தம்பி, உனக்கும் உன்கூடப் படிக்கறவங்களுக்கும் ஒண்ணு. மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டணம் பத்திக் கருத்துக் கேட்புக் கூட்டம் வெக்கும்போது யார் வேணும்னாலும் போய்ப் பேசலாம். அங்க போய் டன் என்ன விலைன்னு கேக்காத. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் காசு கட்டின ஜிசிவி என்ன, பங்கர்ல விழுந்த ஜிசிவி என்ன, அந்த மாசம் எத்தனை கிலோலிட்டர் ஆயில் எரிஞ்சுது, இந்த மூணு நம்பரையும் மாசவாரியா கேளு.